சிவப்பு ஏன் மஞ்சளானது?

1. கூட்டத்துக்கு ஏற்பாடு

மும்பை நகரின் நடுவே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன.

அங்கே ஒரு சந்தில் ஓர் அங்கன்வாடி. அதை ஒட்டி ஒரு மகளிர் குழு. குழுவின் பொருளாளர் நடுவயதுப் பெண். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது குழுவின் கணக்கு நோட்டை அவரே எழுதுகிறார். எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

2018-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஊட்டச்சத்து மாதம் கடைப்பிடிக்கப்படுகிறது. பெரும்பாலும் அது செப்டம்பரில் வரும். அந்த மாதத்தில் தாய்மார் கூட்டம் நடத்த குழு முடிவு செய்தது. கூட்டம் வெள்ளிக்கிழமை.

அங்கன்வாடி டீச்சர் தமிழில் ஆறு ஸ்லைடு தயார் செய்தார். ஸ்லைடு என்றால் கம்ப்யூட்டரில் செய்யும் படப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் படம், நிறைய வண்ணம் இருக்கும். கருவி இருந்தால் சுவரில் பெரிதாகக் காட்டலாம். இங்கே அந்தக் கருவி இல்லை.

"தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடலாம்" என்றார் டீச்சர்.

"நான் கடைக்குப் போய் எடுத்து வருகிறேன்" என்றார் அக்கா.

ஆறு பக்கங்களில் நான்காம் பக்கம் முக்கியமானது. குழந்தையின் இடது மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இந்த அளவு. நாடாவில் மூன்று நிறம் உண்டு. நான்காம் பக்கத்திலும் அதே மூன்று நிறப் பட்டைகள் இருந்தன. ஒவ்வொரு பட்டையின் கீழும் எழுதியிருந்தது:

சிவப்பு: 11.5 செ.மீ.க்குக் கீழ். ஆபத்து. உடனே மருத்துவமனை.

மஞ்சள்: 11.5 செ.மீ. முதல் 12.5 செ.மீ.க்குள். கவனம் தேவை.

பச்சை: 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல். நலம்.

2. கடையில் நடந்தது

மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா பென் டிரைவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போனார்.

ஜெராக்ஸ் கடை பத்து நாள் பூட்டியிருந்தது. கணபதி விழாவுக்குச் சொந்த ஊர் போயிருந்த கடைத் தம்பி அன்றுதான் கடையைத் திறந்திருந்தான்.

"ஆறு பக்கம் இருக்கு தம்பி. பிரிண்ட் போட்டுக் கொடு."

ஆறு தாளும் வந்தன. எல்லாம் சாம்பல் நிறம். சிவப்புப் பட்டையும் சாம்பல், பச்சைப் பட்டையும் சாம்பல். எது ஆபத்து, எது நலம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"என்ன தம்பி, கலரே இல்லையே?"

"நீங்க கலர்னு சொல்லலையே அக்கா. நான் கிரேஸ்கேல்ல போட்டேன்."

"அப்படின்னா?"

தம்பி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான். பிரிண்ட் என்ற பக்கத்தில் மூன்று சொற்கள் இருந்தன. கலர் என்றால் வண்ணத்தில் வரும். கிரேஸ்கேல் என்றால் எல்லா நிறமும் சாம்பலாக வரும். பியூர் பிளாக் அண்ட் ஒயிட் என்றால் வெறும் கறுப்பும் வெள்ளையும்தான்.

"இதுல கலர் போடு தம்பி."

மறுபடி ஆறு தாள். இப்போது வண்ணம் வந்தது. ஆனால் வேறு தொல்லை. டீச்சர் பக்கம் முழுவதும் கருநீலப் பின்னணி வைத்திருந்தார். திரையில் அது அழகாக இருந்தது. தாளிலோ மை அப்பிப் போயிற்று. தாள் ஈரமாகி அலை அலையாய் வளைந்தது. வெள்ளை எழுத்தின் ஓரங்கள் கலங்கிவிட்டன. தொட்டால் விரலில் மை ஒட்டியது.

இன்னொன்றும் இருந்தது. திரையில் கருநீலம். தாளில் வந்தது வேறு மாதிரி வெளிர்நீலம். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அக்கா டீச்சருக்குப் போன் செய்தார்.

"பின்னணியை வெள்ளையாக மாற்றிவிடச் சொல்லுங்கள் அக்கா. எழுத்தைக் கறுப்பாக்கிவிடச் சொல்லுங்கள்" என்றார் டீச்சர்.

தம்பி மாற்றினான். மூன்றாம் முறை ஆறு தாள் வந்தன. எழுத்து பளிச்சென்று இருந்தது. தாள் வளையவில்லை. அக்கா 18 பக்கத்துக்கும் காசு கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

3. இரண்டு மஞ்சள்

புதன்கிழமை மாலை. குழுவினர் அங்கன்வாடியில் கூடிச் சுவரில் தாள்களை ஒட்டிப் பார்த்தார்கள். யார் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஓர் இளம் தாய் உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. கையில் ஒரு சீட்டு வைத்திருந்தாள்.

"போன வாரம் முகாமில பிள்ளையோட கையை அளந்து இதுல எழுதிக் கொடுத்தாங்கக்கா. மராத்தியில என்னமோ சொன்னாங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சது."

சீட்டில் 11.2 என்று எழுதியிருந்தது.

குழுவில் ஒரு பெண் சுவரில் இருந்த நான்காம் பக்கத்தைப் பார்த்தாள். முதல் பட்டைமேல் விரல் வைத்தாள்.

"11.2 இதுல வருது. மஞ்சள்தானே. பயப்படாதே. முட்டையும் கீரையும் கொடு. அடுத்த மாசம் மறுபடி அளந்து பார்ப்போம்."

அந்தத் தாய் தலையாட்டினாள். கிளம்பத் திரும்பினாள்.

அக்கா பட்டையின் கீழே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார்.

"சி... வ... ப்பு. சிவப்பு. 11.5 செ.மீ.க்குக் கீழ். ஆபத்து. உடனே மருத்துவமனை."

அவர் மறுபடியும் பட்டையைப் பார்த்தார். பட்டை மஞ்சள். எழுத்து சிவப்பு என்கிறது. அடுத்த பட்டையைப் பார்த்தார். அதுவும் மஞ்சள்தான். அதன் கீழ் மஞ்சள் என்று எழுதியிருந்தது.

"நில்லும்மா, போகாதே. இந்தத் தாளில் ரெண்டு மஞ்சள் இருக்கு. ஒண்ணு தப்பு."

அக்கா உடனே டீச்சருக்குப் போன் செய்தார். சீட்டில் இருந்த எண்ணைச் சொன்னார். டீச்சர் அந்தத் தாயோடு பேசினார்.

"குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா? பேதி போகிறதா? பால் குடிக்கிறதா? இரண்டு பாதமும் வீங்கியிருக்கிறதா? சோர்ந்து கிடக்கிறதா?"

காய்ச்சல் இல்லை. பேதி இல்லை. வீக்கமும் இல்லை. பால் குடிக்கிறது. ஆனால் எடை ஏறவில்லை.

"இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த ராத்திரியே போக வேண்டும். இல்லை என்பதால் நாளைக் காலை முதல் வேலையாகப் போவோம். நான் கூட வருகிறேன். அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை இருவரும் குழந்தையை மாநகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மறுபடி அளந்தார்கள். எடை பார்த்தார்கள். குழந்தைக்கு என்ன உணவு, எத்தனை வேளை, எந்த நாளில் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். டீச்சர் அதைத் தமிழில் விளக்கினார்.

4. தவறு எங்கே?

அதே காலையில் அக்கா தாளோடு கடைக்குப் போனார்.

"தம்பி, இது சிவப்பா வரணும். மஞ்சளா வந்திருக்கு."

"ஃபைல்ல தப்பு இருக்கும் அக்கா. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"சரி, ஃபைலைத் திற. திரையில பார்ப்போம்."

திரையில் பட்டை சிவப்பாகவே இருந்தது. அப்படியானால் ஃபைலில் தவறில்லை.

அக்கா முதல் பக்கத்தையும் எடுத்தார். அதில் தேசியக் கொடி இருந்தது. திரையில் கொடியின் மேல்பட்டை காவி. தாளில் அதுவும் மஞ்சள்.

"பாரு தம்பி. கொடியே மாறிப்போச்சு. காவியும் மஞ்சளாச்சு, சிவப்பும் மஞ்சளாச்சு. நேத்து கருநீலமும் வெளிறித்தான் வந்தது. பச்சை மட்டும் சரியா இருக்கு."

தம்பி கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அக்கா, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. மெஜந்தா மை வரலை."

அவன் பிரிண்டரில் நாசில் செக் என்ற சோதனையைக் கொடுத்தான். நாசில் என்றால் மை வெளிவரும் நுண்ணிய துளை. ஒரு தாள் வந்தது. அதில் நான்கு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். கறுப்புக் கோடுகள் முழுதாக இருந்தன. வெளிர்நீலக் கோடுகளும் மஞ்சள் கோடுகளும் முழுதாக இருந்தன. மெஜந்தா இருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய காலியாக இருந்தது.

"மை தீர்ந்துபோச்சா தம்பி?"

"இல்லக்கா. தொட்டியில பாதி இருக்கு. பத்து நாள் பூட்டிக் கிடந்ததால துளையில மை காய்ஞ்சிருச்சு."

அவன் ஹெட் கிளீனிங் என்ற கட்டளையைக் கொடுத்தான். பிரிண்டர் உள்ளே ஓசையிட்டது. இந்த வேலையின்போது பிரிண்டர் மையை உறிஞ்சித் துளைகளைக் கழுவுகிறது. மறுபடி சோதனைத் தாள் எடுத்தான். மெஜந்தாக் கோடுகளில் பாதி வந்திருந்தன. இன்னொரு முறை கழுவினான். எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன.

"முதல்ல நாலாம் பக்கம் மட்டும் போடு தம்பி. பார்த்துட்டு மத்ததைப் போடலாம்" என்றார் அக்கா.

நான்காம் பக்கம் வந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. பச்சை பச்சையாக இருந்தது. பிறகு மற்ற ஐந்து பக்கங்களையும் எடுத்தார்கள்.

"இந்த ஆறு பக்கத்துக்குக் காசு வேண்டாம் அக்கா. தப்பு என் மெஷின்ல" என்றான் தம்பி.

5. கூட்டம்

வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. நான்காம் பக்கத்தை அக்கா படித்தார். ஒவ்வொரு நிறத்தையும் தொட்டுக் காட்டினார். அதன் கீழ் இருந்த சொல்லையும் எண்ணையும் படித்தார்.

ஒரு பாட்டி கேட்டார்: "இந்தத் தாளில் நாடா படம் போட்டிருக்கே. இதை வெட்டி வீட்டுல பிள்ளைக்கு அளக்கலாமா?"

"கூடாது பாட்டி" என்றார் டீச்சர். "அச்சடிக்கும்போது படம் சின்னதாகும், பெரிசாகும். அப்போது சென்டிமீட்டர் தவறாகும். அளக்க வேண்டும் என்றால் அங்கன்வாடிக்கு வாருங்கள். சரியான நாடா இங்கே இருக்கிறது."

பாட்டிக்குப் பக்கத்தில் அந்த இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் இருந்தது. மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

அன்று இரவு அக்கா கணக்கு நோட்டில் எழுதினார்: தேவை 6 பக்கம். அச்சானது 24 பக்கம். காசு கொடுத்தது 18 பக்கத்துக்கு. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: "இனி முதலில் ஒரு பக்கம் மட்டும்."

தெரிந்துகொள்வோம்

திரையின் நிறமும் தாளின் நிறமும்

கம்ப்யூட்டர் திரையும் கைபேசித் திரையும் ஒளியால் நிறம் காட்டுகின்றன. அங்கே மூன்று ஒளிகள் உண்டு. அவை சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை தெரியும். ஒன்றும் எரியாவிட்டால் கறுப்பு தெரியும்.

தாளில் ஒளி இல்லை. அங்கே மைதான் நிறம் தருகிறது. வீட்டிலும் கடையிலும் இருக்கும் வண்ண பிரிண்டர்களில் பொதுவாக நான்கு மைகள் உண்டு.

சயான்: ஆகாயம் போன்ற வெளிர்நீலம்.

மெஜந்தா: பீட்ரூட் சாறு போன்ற நிறம்.

மஞ்சள்.

கறுப்பு.

இந்த நான்கைக் கொண்டே மற்ற நிறங்களைப் பிரிண்டர் உண்டாக்குகிறது.

மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு.

சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை.

சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம்.

மஞ்சள் அதிகமாகவும் மெஜந்தா குறைவாகவும் சேர்ந்தால் காவி.

வெள்ளைக்கு மை கிடையாது. தாளின் வெள்ளையே வெள்ளை. தாள் பழுப்பாக இருந்தால் வெள்ளையும் பழுப்பாகத்தான் தெரியும்.

திரை ஒளி விடுகிறது. தாள் ஒளி விடுவதில்லை. ஆகவே தாளில் நிறம் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். பளபளக்கும் பச்சையும் ஊதாவும் திரையில் இருப்பதுபோல் தாளில் வராது. இது பழுது அல்ல. ஆனால் ஒரு நிறம் வேறு நிறமாகவே மாறினால் அது பழுதுதான்.

எந்த மை வரவில்லை?

தேசியக் கொடிப் படம் ஒன்றை அச்சடித்துப் பாருங்கள். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. எந்த மை வரவில்லை என்று அது சொல்லிவிடும்.

காவி மஞ்சளாக வந்து, பச்சை சரியாக இருந்தால் மெஜந்தா வரவில்லை.

பச்சை மஞ்சளாக வந்து, காவி சரியாக இருந்தால் சயான் வரவில்லை.

காவி ரோஜா நிறமாகவும், பச்சை நீலமாகவும் வந்தால் மஞ்சள் வரவில்லை.

வண்ணம் சரியாக இருந்து, எழுத்து மங்கினாலோ மறைந்தாலோ கறுப்பைச் சோதிக்க வேண்டும்.

பழுதும் வழியும்

1. எல்லாம் சாம்பலாக வருகிறது.
பிரிண்ட் பக்கத்தில் கலர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிரேஸ்கேல் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் இதே தேர்வு இருக்கும். இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். கறுப்பு மட்டும் அச்சடிக்கும் பிரிண்டரும் உண்டு. அதில் எப்படி மாற்றினாலும் வண்ணம் வராது.

2. நிறம் வெளிறி வருகிறது.
டிராஃப்ட் என்ற தேர்வில் இருக்கலாம். அது மையை மிச்சம் பிடிக்கும் முறை. நார்மல் என்று மாற்றச் சொல்லுங்கள். மை குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. குறுக்கே வெள்ளைக் கோடுகள் வருகின்றன. அல்லது ஒரு நிறமே வரவில்லை.
மை பீய்ச்சும் பிரிண்டரானால் நாசில் செக் செய்ய வேண்டும். கோடு விட்டுப்போயிருந்தால் ஹெட் கிளீனிங் செய்ய வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் மை செலவாகும். சரியாகாவிட்டால் சில மணி நேரம் விட்டுப் பிறகு பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது ஒரு வண்ணப் பக்கம் எடுத்தால் மை காயாது. தூள் மை போடும் லேசர் பிரிண்டருக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

4. தாள் ஈரமாகி வளைகிறது. மை ஒட்டுகிறது.
கரும்பின்னணி இருந்தால் வெள்ளையாக மாற்றுங்கள். பவர்பாயிண்டில் டிசைன் என்ற பகுதியில் ஃபார்மட் பேக்கிரவுண்ட் இருக்கும். அங்கே சாலிட் ஃபில் என்பதைத் தேர்ந்து வெள்ளை நிறம் கொடுத்து, அப்ளை டு ஆல் என்பதை அழுத்தினால் எல்லாப் பக்கமும் மாறும். பின்னணி படமாக இருந்தால் அதைத் தனியாக நீக்க வேண்டும். பின்னணி வெள்ளையானதும் எழுத்தைக் கறுப்பாக்க மறக்கக் கூடாது. வெள்ளை எழுத்தை வெள்ளைத் தாளில் காண முடியாது.

5. மழைக்காலத்தில் அச்சு கெடுகிறது.
தாள் ஈரத்தை உறிஞ்சும். ஈரத் தாளில் மை பரவும். தாள் பிரிண்டரில் சிக்கும். தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்க வேண்டும்.

6. மேலும் கீழும் வெற்றிடம் விழுகிறது. அல்லது ஓரம் வெட்டுப்படுகிறது.
இப்போது வரும் ஸ்லைடுகள் அகலமானவை. அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. ஏ4 தாளின் வடிவம் வேறு. அது 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம். ஸ்லைடு சைஸ் என்ற இடத்தில் ஏ4 என்று மாற்றலாம். மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் ஸ்கேல் டு ஃபிட் பேப்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

7. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது.
ஸ்லைடு செய்தவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ் எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லாமல் இருக்கலாம். பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோனால் எழுத்து மாறாது. ஆனால் பி.டி.எஃப். ஆனபின் கடையில் பின்னணியை மாற்றுவது கடினம். ஆகவே இரண்டையும் கொண்டுபோவது நல்லது.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

கூடாது. நிறம் மாறலாம். வெயிலில் ஒட்டிய தாளின் நிறம் நாளாக ஆக மங்கும். சிலரின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். இது பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் காணப்படும். ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் சாம்பலாகும்.

ஆகவே ஒவ்வொரு நிறத்தின் பக்கத்திலும் ஒரு சொல் எழுத வேண்டும். எண் இருந்தால் எண்ணையும் எழுத வேண்டும். தாராவிக் கூட்டத்துப் பக்கத்தில் சிவப்பு என்ற சொல் இல்லாமலிருந்தால், நிறம் தவறு என்று அக்காவுக்குத் தெரிந்திருக்காது.

கடைக்குப் போகும்போது

1. கலர் வேண்டுமா, கறுப்பு வெள்ளை போதுமா என்று முதலில் சொல்லுங்கள்.

2. ஒரு பக்கத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள்.

3. அச்சடிக்கும் முன் திரையில் எல்லாப் பக்கங்களையும் பாருங்கள்.

4. நிறம் அதிகம் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுங்கள்.

5. தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. நிறத்தைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள சொல்லையும் படியுங்கள். இரண்டும் ஒன்றா?

7. சரியாக இருந்தால் மற்ற பக்கங்களை எடுங்கள்.

8. மை காய்ந்த பிறகே அடுக்குங்கள். லேமினேஷன் செய்வதானாலும் காய்ந்த பிறகே செய்யுங்கள்.

செய்து பார்ப்போம்

1. நாளிதழில் ஒரு வண்ணப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். என்னென்ன நிறப் புள்ளிகள் தெரிகின்றன? எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டில் நிறத்தால் எச்சரிக்கும் பொருள் எது? மருந்து அட்டையா, பூச்சி மருந்துப் புட்டியா? அதில் நிறத்தோடு எழுதியிருக்கும் சொல்லைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்விகள்

1. முதல் ஆறு தாள்களும் ஏன் சாம்பலாக வந்தன?

2. ஃபைலில் தவறில்லை என்று அக்கா எப்படிக் கண்டார்?

3. சிவப்பு மஞ்சளாக வந்தது. பச்சை சரியாக வந்தது. ஏன்?

4. தாளில் உள்ள நாடாப் படத்தை வெட்டி அளக்கலாமா? ஏன்?

5. ஒரு வண்ணப் பக்கத்துக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பக்கத்துக்கு எவ்வளவு? 18 பக்கத்துக்கு எவ்வளவு? முதலிலேயே ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? கலந்து பேசுங்கள்.

6. அந்த இளம் தாய் அடுத்த மாதம் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் ஊர் அங்கன்வாடியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய சொற்கள்

ஸ்லைடு: கம்ப்யூட்டரில் செய்யும் படப் பக்கம்.

பின்னணி: எழுத்துக்கும் படத்துக்கும் பின்னால் இருக்கும் நிறம்.

கிரேஸ்கேல்: எல்லா நிறத்தையும் சாம்பலாக மாற்றும் முறை.

நாசில்: பிரிண்டரில் மை வெளிவரும் நுண்ணிய துளை.

எழுத்துரு: கம்ப்யூட்டரில் எழுத்தின் வடிவம்.